எழுபத்துநான்காம் பெட்டியில் இருந்த மடக்குத் தொப்பி

பழைய தொப்பியை அண்ணி முதலில் கண்ணால் பார்க்கமாட்டார், மூக்கால் பார்ப்பார். தொப்பியைக் கவிழ்த்து, உள்ளே முகத்தைப் புதைத்து, ஒரு மூச்சு இழுப்பார். பூஞ்சை வாடை அடித்தால் அப்படியே கீழே வைத்துவிடுவார். வெறும் தூசியும் யாரோ தலையில் தேய்த்த எண்ணெயும் என்றால் முகம் மலர்ந்துவிடும். "மனுஷ வாசனைதான். துடைச்சாப் போயிடும்" என்பார். பிறகுதான் உள்விளிம்பைச் சுற்றி ஓடும் தோல் பட்டையை விரலால் மடித்துப் பார்ப்பார். அளவும், செய்தவரின் முத்திரையும், சில சமயம் சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்தும் அங்கேதான் இருக்கும். பட்டைக்குப் பின்னால் மடித்த செய்தித்தாள் செருகியிருந்தால், "பாவம், தன் தலை பெரிசுன்னு நினைச்சு வாங்கியிருக்கான்" என்று யாரென்றே தெரியாத அந்த மனிதருக்காக உச்சுக்கொட்டுவார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மேசை விசிறி வாங்கத்தான் ஏலக் கூடத்துக்குப் போனார். விசிறியைத் தனியாகத் தரமாட்டோம், அதோடு சேர்ந்த பெட்டியையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பெட்டிக்குள் ஐந்து தொப்பிகள். ஐந்தும் ஒரே வாரத்தில் விற்றுப்போயின. விசிறி இன்றுவரை சுற்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் முன்னறையில் உட்கார இடம் இருந்ததில்லை. கவிழ்த்த பானை, கண்ணாடி ஜாடி, பாதியாக வெட்டிய கால்பந்து என்று எதன் மேலும் ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். ஏலத்திலிருந்து வந்த தொப்பி நேரே அந்த அறைக்குள் போக முடியாது. அந்துப்பூச்சி முட்டை ஒன்று இருந்தாலும் போதும், கம்பளித் தொப்பி அத்தனையும் சல்லடை ஆகிவிடும். அதனால் பிளாஸ்டிக் பையில் கட்டி நான்கு நாள் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைப்பார். அண்ணன் வெயிலில் வேலை முடிந்து வந்து ஐஸ் கட்டி தேடுவார். கைக்கு ஒரு தொப்பி வரும்.

"இந்த வீட்டுல தொப்பிக்குக் கிடைக்கிற குளிர்ச்சி எனக்குக் கிடைக்கலையே" என்பார்.

"நீங்களும் நாலு நாள் வாயைக் கட்டிட்டு உள்ளே உட்காருங்க, கிடைக்கும்" என்பார் அண்ணி.

கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன் மூக்கிலிருந்து வரும் ஆவியில் தொப்பியைக் காட்டி, நசுங்கிய இடத்தை உள்ளிருந்து விரலால் தள்ளித் தள்ளி எடுப்பார். உலர்ந்ததும் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்ப்பார். கடைசியில் அது என் தலைக்கு வரும். என் தலை அளவு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அந்தக் காலத்துத் தொப்பிகளில் பாதி அந்த அளவுதான். ஆனால் எட்டாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்டவள் நான். நான்கு பேர் பார்த்தாலே கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. போனில் அண்ணி நடத்தும் கடையில் முகத்தைப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். "முகம் எதுக்கு? தொப்பிதானே விக்கறோம்" என்று பின்பக்கமிருந்து மட்டும் படம் எடுத்தார். ஆறு வருடமாக அந்தக் கடையில் என் பிடரியும் காதும்தான். எனக்குக் காது கொஞ்சம் பெரிது. இடது காது பக்கவாட்டில் விரிந்து, மேல்நுனி மடங்கியிருக்கும். அண்ணன் சின்ன வயதிலிருந்தே என்னை 'முறம்' என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணியின் தொழிலுக்கு ஒரு நிழல் உண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். அண்ணி வைத்த பெயர்தான் நிழல். அவருக்குத் தொப்பிக்கும் தொப்பிப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஏலத்தில் அவர் சாமானைப் பார்ப்பதில்லை. அண்ணியின் கையைப் பார்ப்பார். அண்ணி கை தூக்கினால் அவரும் தூக்குவார். அண்ணி விட்டுவிட்டால் அவருக்குப் போகும். அது நல்ல சாமானாகத்தான் இருக்கும்.

அண்ணி ஒரு தடவை அவரை ஏமாற்றினார். துருப்பிடித்த பூட்டுகள் இருந்த பெட்டியை ஆகா ஓகோ என்று புகழ்ந்து, கை தூக்கி, நடுவில் விட்டுவிட்டார். நிழல் அந்தப் பூட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் விரிசல் விட்ட இசைத்தட்டுகளை அதேபோலப் புகழ்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். பெட்டி அண்ணியின் தலையில் விழுந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று அண்ணி ஒரு வாரம் புலம்பினார்.

மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்தது. வேண்டாத சாமான் என்றால் அண்ணி வாய் ஓயாமல் பேசுவார். உண்மையிலேயே ஆசைப்பட்டுவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். கட்டைவிரல் மட்டும் அந்தச் சாமானைத் தடவிக்கொண்டே இருக்கும். அது நிழலுக்கும் தெரிந்துவிட்டது. அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நடையைக் கவனித்துக்கொண்டே நடக்கிறவர் தடுக்கி விழுவதுபோல ஆகிவிடும் என்று பயம்.

இனி அந்த மடக்குத் தொப்பி.

அண்ணிக்கு வரும் வருமானத்தில் பாதி ஒரு நாடக அரங்கிலிருந்து. அங்கே உடைகளுக்குப் பொறுப்பான அம்மா, எந்த நாடகம் போட்டாலும் தொப்பிக்கு அண்ணியைத்தான் கேட்பார். புது நாடகத்தில் ஒருவர் கையில் கறுப்புத் தட்டு மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார். அதை முழங்கையில் ஒரு தட்டுத் தட்டியதும் 'டப்' என்று உயரமான தொப்பியாக எழும்பும். சபை சிரிக்கும். பட்டுத் துணிக்குள் நான்கு கம்பிகளும் வில்களும் வைத்து அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். அமுக்கினால் தட்டு, தட்டினால் தொப்பி. அண்ணி நான்கு மாதம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

அதை ஒரே ஒரு நாள் வீட்டில் வைத்ததுதான் தவறு. அண்ணன் டிவி பார்த்துக்கொண்டே அதை 'டப், டப்' என்று நூறு தடவையாவது எழுப்பிப் படுக்க வைத்திருப்பார். மறுநாள் அண்ணி திறந்து பார்க்காமலே பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். ஒத்திகையில் தொப்பி ஒரு பக்கம் எழுந்தது. மறுபக்கம் படுத்தே கிடந்தது.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "பதினெட்டு மாடி லிஃப்டையே ஏத்தி இறக்கறேன், இதென்ன ஒரு சாண் தொப்பி" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எழுந்துகொண்டிருந்த பக்கமும் படுத்துவிட்டது.

உடைக்கார அம்மா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சனிக்கிழமை முதல் காட்சி. வெள்ளிக்குள்ள கிடைக்கலைன்னா அந்த ரயில் நிலையத்துக் கடைக்காரரைக் கேட்டுக்கறேன்மா. இந்த வருஷத்து மத்த நாடகத்துக்கும் அவரே பார்த்துக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். நிழலைத்தான் சொன்னார். அண்ணி போனை வைத்துவிட்டு வெகுநேரம் கால்பந்தின் மேல் இருந்த தொப்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே தேய்த்த தொப்பியை.

புதன்கிழமை ஏலக் கூடத்தில் சாமான் பார்க்கும் நாள். நூற்றிருபது பெட்டிகள். நானும் அண்ணியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தோம். எழுபத்துநான்காம் பெட்டியில் மேலே விளிம்பு வெடித்த ஓலைத் தொப்பிகள், அதன் கீழே பழைய திரைச்சீலை, அதற்கும் கீழே கறுப்பாக வட்டமாக ஒன்று. எடுக்காமல் அண்ணியைப் பார்த்தேன். அவர் வந்து பெட்டிக்குள் கையை மட்டும் விட்டார். பட்டைக்குள் விரலை நுழைத்து நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். திறந்து பார்க்க முடியாது. 'டப்' என்ற சத்தம் போதும், கூடமே திரும்பிப் பார்க்கும்.

"உசிரு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்று என் காதோடு சொன்னார். "ஆனா உறுதியாச் சொல்ல முடியாது." எடுத்த இடத்திலேயே வைத்து, பெட்டியின் அடியில் கிடந்த ஒரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு, திரைச்சீலையை இருந்தபடியே மூடினார். நல்ல சாமானை வேறு பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறவர்கள் உண்டு. அண்ணி அதைச் செய்தே நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நாளைக்கு நான் கை தூக்கினா நிழல் விடமாட்டான். நீதான் தூக்கணும் பாப்பா" என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. அண்ணிக்கு இன்னும் பாப்பாதான்.

"நானா?"

"மூலையில உட்கார்ந்திருக்கற உன்னை அங்க யார் கவனிச்சா? முந்நூறு வரைக்கும் போ. ஒரு வார்த்தை பேச வேணாம். அட்டையைத் தூக்கினாப் போதும்."

பேச வேண்டாம் என்றதால்தான் ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அண்ணி வெளியே முற்றத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் முப்பத்தொன்று என்று எழுதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தேன். நிழல் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேதான் எங்கள் கணக்குத் தப்பியது. அவர் எனக்கு நேர் பின்னால் இருந்தார்.

"எழுபத்துநாலு! தொப்பி, துணி, கலப்புச் சாமான். நூறுல ஆரம்பிக்கலாமா?" என்றார் ஏலக்காரர்.

அட்டையைத் தூக்கினேன். முன்வரிசையில் ஒருவர் நூற்றிருபது என்றார். மறுபடியும் தூக்கினேன். அவர் போதும் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நூத்தி நாப்பது ஒரு தரம். நூத்தி நாப்பது ரெண்டு தரம்..."

"யோவ், இந்தக் காதை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்யா" என்று பின்னால் நிழலின் குரல் கேட்டது.

"காதையா?" என்றார் பக்கத்தில் இருந்த கடிகாரக்காரர்.

"தொப்பிக்காரம்மா கடைப் படத்துல எல்லாம் இதே காதுதான். அந்த மடிப்பைப் பாரு!"

அவர் அட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போன சத்தம் எனக்குக் கேட்டது.

காது இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல ஆகிவிட்டது. நூற்றறுபது, நூற்றெண்பது, இருநூறு. நான் தூக்கத் தூக்க அவரும் தூக்கினார். நான் முந்நூறுக்குத் தூக்கியதும் அவர் முந்நூற்றிருபது. என் எல்லை முடிந்துவிட்டது. ஏலக்காரர் என்னையே பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். மூன்றாம் தரமும் சொல்லி, சுத்தியலைத் தட்டிவிட்டார்.

முற்றத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அண்ணி என் முகத்தைப் பார்த்ததுமே டீயைக் கீழே வைத்தார்.

"யாருக்குப் போச்சு?"

"அவருக்குத்தான்."

"உன்னை எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?"

"காது, அண்ணி."

"என்ன காது?"

தொட்டுக் காட்டினேன். அண்ணி என் காதையே பார்த்தார். அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "ஆறு வருஷமா உன் மூஞ்சியை மறைச்சு மறைச்சுப் படம் எடுத்தேனே, அந்தக் காது மேல ஒரு துணியைப் போடத் தோணலையே எனக்கு!" என்றவர் அடங்கிவிட்டார். "போகட்டும். உன் மேல தப்பில்ல. நாளைக்கு நானே அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லிக்கறேன்."

அப்போதுதான் நிழல் பெட்டியைச் சுமந்துகொண்டு முற்றத்துக்கு வந்தார். எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, டீ சொல்லிவிட்டுக் கிளறத் தொடங்கினார். ஓலைத் தொப்பிகளை அடுக்கினார். திரைச்சீலையை உதறினார். கறுப்பு வட்டத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். மேசையில் வைத்தார். டீ வந்ததும் கிளாஸை அதன் மேல் வைத்தார்.

அண்ணியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. "பட்டு மேல டீ வைக்கிறான்" என்று எழுந்தே விட்டார். நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"இப்பப் போய்க் கேட்டா விடமாட்டார் அண்ணி. உங்களுக்கு எது வேணுமோ அதுதான் அவருக்கும் வேணும்."

"வேற என்ன பண்றது?"

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். "ஆசைப்பட்டா நீங்க பேசறதே இல்ல. விரலால தடவிட்டு இருப்பீங்க. வேணாம்னாத்தான் பேசுவீங்க. அவர் அதைத்தான் பார்க்கறார். இன்னைக்கு மாத்திப் பண்ணுங்க. ஓலைத் தொப்பியைத் தடவுங்க. அதைப் பத்தி ஒண்ணும் பேசாதீங்க. தட்டை வாய் விட்டுக் கேளுங்க."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு இது?"

"அப்புறம் திட்டுங்க அண்ணி."

நிழலுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன தம்பி, இன்னைக்கு நல்ல வேட்டை போல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் அக்கா. தங்கச்சி காதோட ஆசீர்வாதம்னும் சொல்லலாம்."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு ஓலைத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் அதன் நைந்த ரிப்பனைத் தடவத் தொடங்கியது. வாய் வேறு பக்கம் போயிற்று.

"கிளாஸுக்கு அழகா ஒரு தட்டு பிடிச்சிருக்கியே தம்பி. எங்க வீட்டுல இப்படி ஒண்ணு உண்டா? எங்க வீட்டுக்காரர் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் மேசை மேல வைப்பார், பாலிஷ் எல்லாம் வட்டம் வட்டமாப் போயிடுச்சு. சொன்னாக் கேட்டாத்தானே! இது கறுப்பு வேற, கறையே தெரியாது. எனக்குக் குடேன் இதை. கேக்க வெக்கமாத்தான் இருக்கு, ஆனா பிடிச்சிருக்கு..."

நிழல் அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை. அவர் கண் கட்டைவிரலில் இருந்தது. அது ரிப்பனின் மேல் போய்வந்துகொண்டிருந்தது. மெதுவாகக் கையை நீட்டி, குழந்தையை வாங்குவதுபோல ஓலைத் தொப்பியை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் அக்கா. தட்டு வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"சும்மா வாங்கமாட்டேன்ப்பா."

"அப்ப என் டீக்குக் காசு குடுத்துடுங்க."

அண்ணி டீயோடு ஒரு பன்னுக்கும் சேர்த்துக் கொடுத்தார். நிழல் தானே கிளாஸைத் தூக்கி, தன் கைக்குட்டையால் தட்டைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"வாங்க அண்ணி, வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன்.

"அதுவரைக்கும் என் நெஞ்சு தாங்காதுடி" என்றார். அண்ணி என்னை டி போட்டது அன்றைக்குத்தான்.

கறுப்புப் பட்டில் டீயின் வட்டம் லேசாகத் தெரிந்தது. அது போய்விடும். வில் போயிருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணி விளிம்பைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். முழங்கையில் ஒரு தட்டு.

டப்.

நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், கோணல் இல்லாமல், ஒரு சாண் தொப்பி எழுந்து நின்றது. டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். அண்ணி மூச்சை விட்டார். அந்த வாரம் முழுவதும் அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று தோன்றியது.

நிழல் பன்னைக் கடித்தவர் கடித்தபடியே இருந்தார். "தட்டுன்னீங்களே அக்கா?"

"நீ அப்படி வச்சிருந்தே, நான் அப்படிக் கேட்டேன். இதைத்தானே வாய் விட்டுக் கேட்டேன் தம்பி? ஓலைத் தொப்பியைப் பத்தி நான் ஏதாவது பேசினேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பேசவில்லைதான்.

அண்ணி கிளம்பினவர் நின்றார். "அந்த ஓலைத் தொப்பியில பூச்சி இருக்கு, கடைக்குள்ள கொண்டுபோகாதே. பெட்டியோட அடியில ஒரு பொட்டலம் கிடக்கும் பாரு. பொம்பளைங்க தொப்பிக்குக் குத்தற ஊசி. முத்து வச்சது ரெண்டு இருக்கு. அதை வித்தாலே நீ போட்ட பணம் வந்துடும்."

அவர் அவசரமாகக் கையை விட்டார். பொட்டலம் கிடைத்தது. ஒரு ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணியின் கையைப் பார்க்காமல் அவர் ஒரு சாமானை உற்றுப் பார்த்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

நாடக அரங்குக்கு அப்போதே போய்விடலாம் என்றார் அண்ணி. தொப்பியை மறுபடியும் மடக்க அவருக்குத் துணிவில்லை. மடக்கினால் எழாமல் போய்விட்டால்? நாங்கள் கொண்டுபோன பையோ தட்டையானது. பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம், எல்லோர் முழங்கையும் எல்லோர் விலாவிலும்.

"இதுக்கு ஒரே பத்திரமான இடம் தலைதான்" என்றார் அண்ணி. அவர் கொண்டையின் மேல் அது உட்காரவில்லை. எடுத்து என் தலையில் கவிழ்த்தார்.

அளவு அறுபத்திரண்டு. காதைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, மூக்கின் மேல் வந்து நின்றது. பேருந்தில் எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒருவரும் தெரியவில்லை. இருட்டில், பழைய பட்டும் யாரோ ஒருவரின் எண்ணெயும் கலந்த வாசனையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகமாக நின்றேன். பக்கத்தில் அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது மட்டும் என் தோளில் தெரிந்தது. "இப்பத்தான் உன் காது ஒழுங்கா மறைஞ்சிருக்கு" என்றார்.

உடைக்கார அம்மா அதை என் தலையிலிருந்தே தூக்கி எடுத்தார். அமுக்கினார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் தட்டினார், எழுந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து, "அடுத்த மாசத்து நாடகத்துக்குக் காவல்காரர் தொப்பி ஆறு வேணும். எப்பத் தருவீங்க?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"அட, அந்தக் காது நீதானாம்மா?"

அண்ணி ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்து முடித்தார். போன் அடித்தது. அண்ணன்.

"என்னாச்சு? கிடைச்சுதா?"

"கிடைச்சுது. குடுத்தும் ஆச்சு."

"வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தடவை காட்டக் கூடாதா?"

"மாட்டேன்" என்று சொல்லி அண்ணி போனை வைத்துவிட்டார்.